அடுப்பில் முளைத்த காளானும் அடுப்பை எரிக்கும் காளானும்

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்ப் புலவர் ஒருவர் தம் வீட்டு வறுமையைச் சொல்ல வந்தார். பொன் இல்லை என்று புலம்பவில்லை. பொருள் இல்லை என்று பொருமவில்லை. தம் வீட்டு அடுப்பிலே காளான் முளைத்துவிட்டது என்றார்! சமைத்தால்தானே அடுப்பிலே நெருப்பு இருக்கும்? நெருப்பு இருந்தால்தானே அடுப்பு காய்ந்திருக்கும்? சமைத்து நெடுநாள் ஆயிற்று, ஈரம் கோத்தது, காளான் பூத்தது. நாட்டைத் தம்பியிடம் பறிகொடுத்துக் காட்டிலே இருந்த குமணனிடம் பெருந்தலைச் சாத்தனார் சொன்ன செய்தி அது. புறநானூற்றின் 164-ஆம் பாட்டாக இன்றும் நம் கையில் இருக்கிறது.

அன்று காளான் வறுமை ஏற்றிய கொடி. இன்று அதே காளான் வறுமையை விரட்டும் படை ஆகலாம் என்கிறார்கள் வேளாண் அறிஞர்கள். ஆகலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் யாருடைய வறுமையை விரட்டப் போகிறது? குளிரூட்டிய கூடம் கட்டக் கோடி ரூபாய் வைத்திருப்பவனுக்கு மேலும் ஒரு கோடி சேர்க்கவா? அல்லது கூரை ஒன்றைத் தவிர வேறு சொத்தே இல்லாத கூலிக்காரத் தாயின் அடுப்பை எரிய வைக்கவா? காளான் பற்றிப் பேசுவோர் எல்லாரும் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்து ஓடுகிறார்கள். நாம் இதிலேதான் நின்று பேச வேண்டும்.

கரிசல் காடும் கறையான் புற்றும்

சங்கரன்கோவில் வட்டாரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். 2019-ல் நெல்லையிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்திலே இருக்கிறது. கிழக்கே திரும்பினால் வானம் பார்த்த கரிசல். பருத்தியும் சோளமும் மக்காச்சோளமும் மழையை நம்பி நிற்கும். மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று மலையடிவாரம் நோக்கிச் சென்றால் குளத்துப் பாசனம்; நெல் விளையும். நகரத்துக்குள்ளே விசைத்தறிச் சத்தம்; பூச்சந்தையிலே மல்லிகை மணம். உழைப்பாளிக்குப் பஞ்சமே இல்லாத ஊர். வேலைக்குத்தான் பஞ்சம்! அறுவடை முடிந்தால் கூலிக்காரன் கை கட்டி நிற்கிறான். பாவு இல்லையென்றால் தறிக்காரன் கை பிசைந்து நிற்கிறான்.

அந்த ஊர்க் கோயிலின் பெயரை அறியாதார் இல்லை. அங்கே தரப்படும் புற்றுமண்ணையும் அறியாதார் இல்லை. புற்று என்றதும் பாம்பைத்தான் நினைக்கிறோம். ஆனால் புற்றைக் கட்டியது பாம்பா? இல்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு கறையான், வாயிலே மண் சுமந்து, எச்சில் குழைத்து, இரவு பகலாய் எழுப்பிய கோட்டை அது. அந்தக் கோட்டைக்குள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? காளான் சாகுபடி நடக்கிறது! காய்ந்த இலையையும் குச்சியையும் கறையான் மென்று கொண்டுவந்து அடுக்கி, அதிலே பூசணத்தை வளர்த்து, அந்தப் பூசணத்தையே உணவாக்கிக் கொள்கிறது. மழை பெய்ததும் புற்றின் மேலே குடை விரிக்கிறதே புற்றுக்காளான், அது கறையான் பயிரிட்ட தோட்டத்தின் பூ. மனிதன் ஏர் பிடித்துச் சில ஆயிரம் ஆண்டுகள்தாம் ஆகின்றன. கறையான் ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளாக இந்த வேளாண்மையைச் செய்து வருகிறது என்கிறார்கள் உயிரியல் அறிஞர்கள். புற்றுக்காளானை வணிக அளவில் வளர்க்கும் வித்தையை மனிதன் இன்னும் கற்கவில்லை. கறையான் இல்லாமல் அது விளைவதில்லை.

கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பது நம் பாட்டிமார் சொன்ன பழமொழி. அதை மறந்து விடாதீர்கள். காளான் கதையிலே அந்தப் பழமொழிக்கு வேலை இருக்கிறது.

வெயில் நாட்டுக்கு வெயில் காளான்

காளான் என்றாலே குளிர்நாட்டுப் பொருள், உதகையிலும் கொடைக்கானலிலும் விளைவது, ஓட்டல் மேசையிலே மேட்டுக்குடியினர் முள்கரண்டியால் குத்திச் சாப்பிடுவது என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. மொட்டுக்காளான் என்ற வெள்ளைக் காளானைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மைதான். காய்க்கும் பருவத்தில் அதற்கு 14 முதல் 18 பாகை வரையிலான குளிர் வேண்டும். 1961-ல் இமாசலத்துச் சோலனில் தொடங்கிய முயற்சி அந்தக் காளானுக்காகத்தான். 1983-ல் நாட்டின் காளான் ஆராய்ச்சி மையமும் அங்கேயே அமைந்தது. இமயமலை அடிவாரத்தில் அமைத்தது குற்றமில்லை. ஆனால் காளான் என்றால் அது ஒன்றே என்று நம்பி, சித்திரை வெயிலில் வேகும் சீமையிலே சிலர் குளிரூட்டும் பொறியைத் தேடினார்களே, அதுதான் பேதைமை!

தமிழ்நாட்டின் காளான் வரலாறு வேறு. 1943-ல் கோவை வேளாண்மைக் கல்லூரியில் வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டினார்கள். 1943 எந்த ஆண்டு என்று நினைவிருக்கிறதா? வங்கத்திலே பஞ்சம் தலைவிரித்தாடி, இலட்சக்கணக்கில் மக்கள் மடிந்த ஆண்டு. அங்கே மக்கள் ஒரு பிடி அரிசியின்றிச் செத்தார்கள். இங்கே, அரிசியை எடுத்த பிறகு எஞ்சும் வைக்கோலிலும் மனிதனுக்கு உணவு விளையும் என்று விஞ்ஞானம் காட்டியது.

பால் காளானின் கதையைக் கேளுங்கள். அந்த வங்கத்திலேதான் 1974-ல் அதைக் கண்டு பெயர் சூட்டினார்கள். ஆனால் அது வணிகப் பயிராகத் தலைநிமிர்ந்தது எங்கே? அருப்புக்கோட்டையிலே! அங்குள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, 1998-ல் ஏ.பி.கே. 2 என்ற பெயரோடு வெளிவந்தது. அருப்புக்கோட்டை எப்படிப்பட்ட ஊர்? சங்கரன்கோவிலின் உடன்பிறந்த ஊர் என்றே சொல்லலாம். அதே கரிசல், அதே வறட்சி, அதே வெயில், அதே தறி. அந்த மண்ணிலே அந்த வெயிலுக்கென்றே வந்த காளான் இது. 30 முதல் 35 பாகை வெப்பத்தில் வெள்ளை வெளேரென்று எழுந்து நிற்கிறது. குளிரூட்டும் பொறி வேண்டாம். பாதி மண்ணுக்குள் இறக்கிய குடில், மேலே நீலநிறப் பாய், உள்ளே ஈரக் காற்று, இவ்வளவு போதும். வெயில் நமக்குச் சாபம் என்று சொல்லிக் கொண்டிருந்தோம். வெயிலையே முதலாக்கிக் காட்டியது விஞ்ஞானம்.

கூரைக்குள்ளும் விளையும், மரநிழலிலும் விளையும்

இது ஏதோ பெரிய மந்திரவித்தை என்று மலைக்க வேண்டாம். எட்டாம் வகுப்புப் படித்த பெண் ஒரு வாரத்திலே கற்றுக் கொள்ளலாம்.

சிப்பிக்காளானுக்கு நெல் வைக்கோல்தான் கழனி. இரண்டங்குலத் துண்டுகளாக நறுக்க வேண்டும். நான்கைந்து மணி நேரம் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் வேக வைக்க வேண்டும். போட்டியாக வளரும் பூசணங்களைக் கொல்லத்தான் இந்த வேக்காடு. பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். எதுவரை? கையிலே பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது, அதுவரை. பாலிதீன் பையிலே ஓர் அடுக்கு வைக்கோல், ஓரத்திலே காளான் வித்து, மறுபடி வைக்கோல், மறுபடி வித்து என்று நிரப்பிக் கட்டி, காற்றுக்கு இரண்டு துளையிட்டு, கூரைக்குள் தொங்கவிட வேண்டும். இதற்குப் படுக்கை என்று பெயர். பதினைந்து இருபது நாளில் பை முழுதும் பஞ்சு போல வெள்ளை படரும். பையைக் கிழித்து, நாளும் தண்ணீர் தெளித்தால் குண்டூசித் தலை போல மொட்டு வரும். மூன்றே நாளில் சிப்பியாய் விரியும். மூன்று முறை பறிக்கலாம். 45 நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். நன்கு பேணினால் ஒரு கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை காளான் கிடைக்கும்.

பால் காளானுக்கும் தொடக்கம் இதேதான். வெள்ளை படர்ந்த படுக்கையை இரண்டாக வெட்டி, வேக வைத்து ஆறிய மண்ணை மேலே ஓர் அடுக்கு பரப்பி, ஈரம் காத்தால் எட்டுப் பத்து நாளில் மொட்டு வரும். சிப்பிக்காளான் பறித்த மறுநாளே வாடும். பால் காளான் சில நாள் தாங்கும். சந்தை தொலைவில் உள்ள ஊருக்கு இது பெரிய நன்மை.

வெளியிலே வளர்க்க வேண்டுமா? கோவையில் 1943-ல் காட்டிய வைக்கோல் காளான் இருக்கிறது. வைக்கோலைப் புரியாக முறுக்கி, ஊறவைத்து, மரநிழலிலே குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்கின் ஓரத்திலும் வித்தும் கொஞ்சம் பருப்புப் பொடியும் தூவி மூடினால் இரண்டு வாரத்துக்குள் மொட்டு வரும். ஒடிசாவிலே உழவர்கள் இதைப் பெருமளவில் செய்கிறார்கள். பஞ்சாலைக் கழிவிலும் இது செழித்து வளரும். சங்கரன்கோவிலுக்கு வடக்கே இராசபாளையம் இருக்கிறது. பஞ்சாலைகள் நிறைந்த ஊர். அங்கே கழிவு, இங்கே கை. இரண்டும் சேர்ந்தால் உணவு!

வைக்கோல் இல்லையோ என்று ஐயம் வேண்டாம். நம் மாவட்டத்து வைக்கோல், வண்டி வண்டியாகச் செங்கோட்டை தாண்டி, புளியரை கடந்து கேரளத்து மாட்டுத் தொழுவங்களுக்குப் போகிறது. மாட்டுக்குத் தீவனம் போகட்டும். வேண்டாம் என்பார் இல்லை. அதில் ஒரு பங்கு இங்கே நின்றால், வைக்கோல் விலைக்குப் போவது காளான் விலைக்குப் போகும். காளான் எடுத்த பின் எஞ்சும் படுக்கையும் வீணில்லை, மண்புழு உரமாகும்.

இன்பத்தை மட்டும் சொல்லி ஏமாற்ற நாம் தயாரில்லை. வைக்கோலை அரைகுறையாக வேக வைத்தால் பச்சைப் பூசணம் படர்ந்து படுக்கை பாழாகும். குடிலில் ஈ நுழைந்தால் விளைச்சல் போகும். சிப்பிக்காளான் விரியும்போது பறக்கும் நுண்தூள் சிலருக்கு மூச்சிரைப்பைத் தரும். வாயையும் மூக்கையும் மூடித்தான் உள்ளே செல்ல வேண்டும். தூய்மையும் கவனமும் இல்லாதவர்களுக்கு இந்தப் பயிர் இல்லை.

நிலமில்லாதவள் உழவர் இல்லையா?

இனி அரசியலுக்கு வருவோம். காளானிலே அரசியலா என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்கட்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நிலத்தைச் சாகுபடி செய்வோர் ஏறத்தாழ 42 லட்சம். பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்போர் ஏறத்தாழ 96 லட்சம். ஒருவருக்கு நிலம், இருவருக்கு மேற்பட்டோருக்குக் கூலி! இந்த 96 லட்சம் பேரும் சேற்றிலே கால் வைத்தவர்கள்தாம். ஆனால் அரசு ஏட்டிலே அவர்கள் உழவர்கள் அல்லர். 2019-ல் டில்லி தொடங்கிய திட்டத்திலே ஆண்டுக்கு 6,000 ரூபாய், நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு. 2025-ல் நம் மாநிலத்தில் உழவர்க்குத் தனி அடையாள எண் தரும் பதிவு தொடங்கியபோதும் முதலில் கேட்டது நிலத்தின் ஆவணத்தை. பட்டா உண்டா? நீ உழவன். பட்டா இல்லையா? நீ யாரோ!

இதே நாட்டில் இன்னொரு வழக்கும் நடந்தது. ஐதராபாத்திலே பெரிய கூடத்தில், வெப்பத்தையும் ஈரத்தையும் பொறியால் கட்டுப்படுத்தி, தட்டு தட்டாக மொட்டுக்காளான் வளர்த்த ஒரு நிறுவனம், தன் வருமானம் வேளாண் வருமானம், ஆகவே வரி இல்லை என்றது. வருமானவரித் துறை மறுத்தது. காளான் செடியன்று, பூசணம். நிலத்திலே விளையவில்லை, அடுக்கிலே விளைந்தது. இதுவா வேளாண்மை என்று கேட்டது. 2018-ல் வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மண்ணைத் தட்டிலே எடுத்து வைத்தாலும் அது மண்தான். அதிலே உழைத்து விளைவித்தது வேளாண்மைதான் என்பது தீர்ப்பின் சாரம்.

நல்ல தீர்ப்பு! நாமும் வரவேற்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். அடுக்கிலே வைத்த தட்டு, பெரிய நிறுவனத்துக்கு நிலமாகிறது. அப்படியானால் சங்கரன்கோவில் தெருவொன்றிலே, ஓலைக் கூரைக்குள்ளே, உத்தரத்திலே தொங்கும் இருபது படுக்கையும் ஓர் ஏழைப் பெண்ணுக்கு நிலம் ஆகாதா? வரி தள்ளுபடிக்கு அது வேளாண்மை. வங்கிக் கடனுக்கும் மானியத்துக்கும் வந்தால் பட்டாவைக் கொண்டுவா என்பதா? கோடீசுவரனுக்கு ஓர் இலக்கணம், கூலிக்காரிக்கு ஓர் இலக்கணமா?

இலக்கணம் எழுதப்படாமலும் இல்லை. 2007-ல் இந்திய அரசு வெளியிட்ட தேசிய உழவர் கொள்கை, உழவர் என்ற சொல்லுக்குள் நிலமற்ற வேளாண் தொழிலாளரையும் குத்தகையாளரையும் சேர்த்தே சொன்னது. சொன்னது ஏட்டிலே, நின்றது ஏட்டிலேயே!

வித்து யார் கையில்?

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. நெல் விளைந்தால் உழவன் ஒரு மூட்டை விதைநெல் எடுத்து வைக்கிறான்; அடுத்த ஆண்டு அவனே அவனுக்கு முதலாளி. காளானில் அது நடக்காது. நெல்லை எடுத்து வைத்தால் விதை. காளானை எடுத்து வைத்தால் அழுகல்! ஒவ்வொரு சுற்றுக்கும் வித்தை வெளியிலிருந்து வாங்கியே தீர வேண்டும். ஆகவே வித்து யார் கையிலோ, காளான் அவன் கையில். இதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி.

வித்து எதிலே செய்கிறார்கள்? சோளத்திலே! நம் கரிசல் காட்டுச் சோளத்தை அரைவேக்காடாக வேக வைத்து, சுண்ணாம்புத் தூள் கலந்து, பையிலே அடைத்து, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கி, அதிலே தாய் வித்தைச் சேர்த்தால் பதினைந்து இருபது நாளில் சோளம் முழுவதும் பூசணம் படர்ந்து படுக்கை வித்து தயார். சோளம் நம்முடையது. கலையைக் கண்டு சொன்ன பல்கலைக்கழகம் நம் வரிப்பணத்தில் நடப்பது. இடையிலே நின்று விலை சொல்வது மட்டும் யாரோ!

வித்துக்கு வயதும் உண்டு. நாள் கடந்த வித்து முளைக்காது. வெயிலிலே பேருந்துக் கூரையில் பயணம் செய்த வித்து பாதி செத்தே வரும். தொலைவிலிருந்து வாங்கும் ஏழைப் பெண்ணின் படுக்கை பாழானால், வித்து விற்றவன், நீ வைக்கோலைச் சரியாக வேக வைக்கவில்லை என்பான். அவள் எந்த நீதிமன்றம் செல்வாள்?

இந்த இடத்திலேதான் கருநாகம் புற்றுக்குள் தலை நீட்டும். வித்தும் நாங்களே தருகிறோம், விளைந்ததை நாங்களே வாங்குகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று வண்ண வண்ண விளம்பரம் வரும். 2012-ல் ஈமுக் கோழியை நம்பிப் பெருந்துறைப் பக்கம் பணம் கட்டியவர்கள் தெருவிலே நின்றதை மறந்து விட்டோமா? அங்கும் இதே பாட்டு, இதே தாளம்: குஞ்சும் நாங்கள் தருவோம், கோழியும் நாங்கள் எடுப்போம். கோழி நின்றது, நிறுவனம் ஓடியது! விற்பனைக்கு வேறு வழியே இல்லாத பொருளை, வாங்குவேன் என்ற ஒருவன் சொல்லை மட்டும் நம்பி வளர்க்காதீர்கள். பக்கத்துத் தெருவிலே, உழவர் சந்தையிலே, குற்றாலத்துச் சாரல் காலத்து உணவு விடுதியிலே விற்க முடிகிற காளானை வளருங்கள்.

பிற மாநிலம் என்ன செய்தது என்று பார்ப்போம். நிலமற்ற ஏழைகள் நிறைந்த பீகார், 2021-22-ல் ஏறத்தாழ 28,000 டன் விளைவித்து, காளானில் நாட்டிலேயே முதல் மாநிலமானது. பூசாவில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகம் வித்தும் பயிற்சியும் கொடுத்து, ஊர் ஊராகப் பெண்களை அழைத்து வந்தது. குளிர்காலத்தில் குடிசைகளிலேயே மொட்டுக்காளான் எடுத்தார்கள். கோபுரம் கட்டவில்லை, குடிசையைக் கூடமாக்கினார்கள். பீகாரால் முடிந்தது, 1943-லேயே வழிகாட்டிய தமிழ்நாட்டால் முடியாதா?

மருந்து என்ற மயக்கம்

இப்போது புதிதாக ஒரு கூச்சல்: மருத்துவக் காளான்! நீரிழிவு போகும், புற்று கரையும், கிழவன் குமரன் ஆவான் என்று தூளைப் புட்டியிலே அடைத்து ஆயிரக்கணக்கில் விலை வைக்கிறார்கள். தாயத்தைக் கழற்றி எறிந்த தமிழன், தூள் புட்டியைக் கழுத்திலே கட்டிக் கொள்வதா?

அறிவியல் சொல்வது அளவோடு சொல்கிறது. சீனரும் சப்பானியரும் நெடுங்காலமாக மதிக்கும் ரெய்சி போன்ற காளான்களை ஆராய்ந்து வருகிறார்கள். ஷிட்டாகே என்ற காளானிலிருந்து பிரித்தெடுத்த லென்டினான் என்ற பொருளை, இரைப்பைப் புற்றுநோய்க்கு மருத்துவத்தோடு துணையாகச் சேர்த்துக் கொடுக்கச் சப்பானில் 1985-ல் இசைவு தந்தார்கள். துணையாக! மருத்துவத்துக்கு மாற்றாக அல்ல. மருத்துவமனையை விட்டுவிட்டுக் காளான் தூளைத் தின்னுங்கள் என்பவன் வைத்தியன் அல்லன், வழிப்பறிக்காரன்.

உணவு என்ற அளவிலும் உள்ளதைச் சொல்வோம். பச்சைக் காளானில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். புரதம் மூன்று பங்கு அளவில்தான். கறிக்குச் சமம் என்பது மிகை. ஆனால் கத்தரி, வெண்டை, பூசணியைவிட மேல். கொழுப்பு மிகக் குறைவு. கதிரவன் ஒளியில் சற்று நேரம் வைத்தால் வைட்டமின் டி சேரும் காய்கறிக் கடைப்பொருள் இது ஒன்றுதான். இந்த வெயிலுக்குக் காசும் கேட்பதில்லை யாரும்!

ஓர் எச்சரிக்கை. காளான் நல்லது என்று கேட்டவுடன் காட்டிலே முளைத்ததைப் பறித்து உண்ணக் கூடாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் உண்டு சில நாளுக்குள் 13 பேர் மாண்டனர்; பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துப் பாட்டாளிகள். நச்சுக் காளானின் கொடுமை என்னவென்றால், உண்டவுடன் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதற்குள் நஞ்சு ஈரலைத் தாக்கியிருக்கும். வேக வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூண்டு நிறம் மாறினால் நஞ்சு என்பதெல்லாம் மூடநம்பிக்கை. இந்த மூடநம்பிக்கை உயிரைக் குடிக்கும். வித்து வாங்கி வளர்த்த காளானை உண்ணுங்கள். இனம் தெரியாத காளானைத் தொடாதீர்கள்.

செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் பெண்கள் கூடிச் சேமித்துக் கூடித் தொழில் செய்யும் வழி புதியதன்று. 1989-ல் கலைஞர் ஆட்சியில் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு, இன்று ஊர்தோறும் உண்டு. அமைப்பு இருக்கிறது; அறிவு கோவையிலும் கிள்ளிக்குளத்திலும் அருப்புக்கோட்டையிலும் இருக்கிறது; வைக்கோல் வண்டியேறிப் போகிறது; வெயில் காசின்றிக் கிடைக்கிறது. இவற்றை இணைக்கும் கைதான் வேண்டும். ஆட்சியில் எவர் அமர்ந்தாலும் அவர்களிடம் நாம் கேட்பது நான்கே.

ஒன்று: வட்டத்துக்கு ஒரு வித்துக்கூடம். சங்கரன்கோவில் வட்டத்தின் வித்து சங்கரன்கோவிலிலேயே, மகளிர் குழுவின் கையாலேயே, பல்கலைக்கழகத்தின் தாய் வித்திலிருந்து விளைய வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்திலும் செய்த நாள் அச்சிட வேண்டும். கெட்ட வித்துக்கு மாற்று வித்து தர வேண்டும்.

இரண்டு: பட்டா இல்லாவிட்டாலும், படுக்கை தொங்கவிட்டவர் உழவரே என்று அரசாணை வேண்டும். அந்த ஆணையைக் காட்டினால் வங்கி கடன் தர வேண்டும்.

மூன்று: நிலையான சந்தை. அரசு விடுதியிலும் மருத்துவமனையிலும் வாரம் ஒரு நாள் காளான் சமைக்கட்டும். குழுவிடம் நேராக வாங்கட்டும். வாங்குபவர் உறுதியானால் விளைவிப்பவர் அஞ்ச மாட்டார்.

நான்கு: முன்பணம் வாங்கிக் கொண்டு விளைச்சலைத் திரும்ப வாங்குவதாக விளம்பரம் செய்யும் ஒவ்வொருவரும், மாவட்ட நிருவாகத்திடம் பிணைத்தொகை கட்டிப் பதிவு செய்த பிறகே விளம்பரம் செய்ய வேண்டும்.

இவை வானத்து மீனைக் கேட்பதல்ல. ஒரு வித்துக்கூடத்துக்கு வேண்டியவை ஒரு நீராவிக் கலன், கிருமியில்லாக் காற்று வீசும் ஒரு மேசை, தூய்மையான இரண்டு அறைகள், பயிற்சி பெற்ற நாலு பெண்கள். ஒரு பாலத்துக்கு அடிக்கல் நாட்டும் விழாப்பந்தலின் செலவை ஒதுக்கினாலே வேலையைத் தொடங்கிவிடலாம்!

வாய்ப்பு வந்திருக்கிறது என்பது உண்மை. நிலம் கேளாத பயிர், மழை கேளாத பயிர், 45 நாளில் கையில் காசு தரும் பயிர் நம் வாசலில் நிற்கிறது. நிலச் சீர்திருத்தம் பேசிப் பேசி நிலம் கிடைக்காத கூலிக்காரனுக்கு, கூரையையே கழனியாக்கித் தருகிறது விஞ்ஞானம். அந்தக் கழனிக்கும் ஒரு பண்ணையார் வந்துவிடக் கூடாது. வித்தின் வழியாகவும் வரக்கூடாது, விளம்பரத்தின் வழியாகவும் வரக்கூடாது.

புற்றைக் கட்டுவது கறையான். புற்றிலே குடியிருக்கும் உரிமையும் கறையானுக்கே என்று சட்டம் செய்யுங்கள். ஓலைக் குடிசைக்குள் வெள்ளைப் பூ தானே பூக்கும்!